கலக்காத கலவைகள்

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வுக்கூடத்தில் 1956இல் ஆலன் ஹே என்ற வேதியியலாளர் ஒரு புதிய பாலிமரை உருவாக்கினார். பாலிஃபினைலின் ஆக்சைடு என்பது அதன் பெயர், சுருக்கமாகப் பி.பி.ஓ. வெந்நீர் அதை ஒன்றும் செய்யவில்லை. மின்சாரத்தை நன்றாகத் தடுத்தது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் விறைப்பு தளரவில்லை. இந்தக் கடைசிக் குணமே அதற்கு வினையாக முடிந்தது. அச்சில் வார்க்க வேண்டுமானால் 300 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் பட்டுப் பொருளே கெடத் தொடங்கும். 1964இல் சந்தைக்கு வந்த பி.பி.ஓ.வை வார்ப்பது பெரும்பாடாக இருந்தது. அதைக் கரையேற்றியது பாலிஸ்டைரின். மலிவானது, 100 டிகிரியிலேயே இளகுவது. இரண்டையும் எந்த விகிதத்தில் உருக்கிச் சேர்த்தாலும் ஒரே பொருளாக ஆயின. 1966இல் நோரில் என்ற பெயரில் அந்தக் கலவை வெளிவந்தது. அன்று முதல் இன்று வரை பாலிமர் கலவை பற்றிய எந்தப் பாடநூலும் இந்த ஜோடியைத் தொடாமல் நகர்வதில்லை.

பாலிமர் ஒன்று கண்ணாடிபோல் விறைத்த நிலையிலிருந்து ரப்பர்போல் இளகும் வெப்பநிலைக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். பாலிஸ்டைரினுக்கு அது 100 டிகிரி, பி.பி.ஓ.வுக்கு ஏறத்தாழ 215. இரண்டும் மூலக்கூறு அளவில் கலந்துவிட்டால் கலவைக்கு இடைப்பட்ட ஒரே ஒரு மாற்ற வெப்பநிலைதான் இருக்கும். டி. ஜி. ஃபாக்ஸ் 1956இல் தந்த எளிய சூத்திரத்தில் சரிபாதிக் கலவையைப் போட்டுப் பார்த்தால் 150 டிகிரி என்று வரும். விகிதத்தை மாற்றினால் வெப்பம் தாங்கும் அளவும் மாறும்; எது வேண்டுமோ அதைக் கலந்துகொள்ளலாம். தொழிற்சாலைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

ஆனால் இது விதி அல்ல, விலக்கு. அதோடு இந்தக் கதையில் பாடநூல்கள் அதிகம் அழுத்திச் சொல்லாத ஒரு திருப்பமும் உண்டு. கடைக்கு வரும் நோரிலில் இருப்பது வெறும் பாலிஸ்டைரின் அல்ல. ரப்பர் துகள்கள் பதிந்த, மோதல் தாங்கும் வகைப் பாலிஸ்டைரின். வெறும் பாலிஸ்டைரின் சேர்த்த கலவை கீழே விழுந்தால் எளிதில் தெறிக்கும். ஆக, உலகின் மிகப் பெயர்பெற்ற ‘கலக்கும்’ கலவை விலைபோவதற்கே அதற்குள் கலக்காமல் நிற்கும் ரப்பர் தேவைப்படுகிறது. கலப்பு என்பதை நற்சான்றாகவும் பிரிவு என்பதைக் குறையாகவும் எழுதும் வழக்கம் இத்துறையில் ஆழமாக ஊறியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்க்க வேண்டும்.

பாலிமர்கள் ஏன் கலக்க மறுக்கின்றன என்பதற்கான விடை 1941–42இல் கிடைத்தது. பால் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே அதை அடைந்தார்கள். சிறு மூலக்கூறுத் திரவங்கள் கலப்பதற்கு முதன்மைக் காரணம் ஒழுங்கின்மை பெருகுவது, அதாவது என்ட்ரோபி. தனித்தனியாக உதிர்ந்து கிடக்கும் சிவப்பு, வெள்ளை மணிகளை எத்தனையோ விதமாக மாற்றி மாற்றிப் பரப்பலாம். ஆயிரம் சிவப்பு மணிகளை ஒரு சரமாகவும் ஆயிரம் வெள்ளை மணிகளை இன்னொரு சரமாகவும் கோத்துவிட்டால் அந்தச் சுதந்திரம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். கலப்பால் வரும் என்ட்ரோபி ஆதாயம் சங்கிலியின் நீளத்தால் வகுபட்டுத் தேய்கிறது. மிஞ்சுவது இரண்டு அலகுகளுக்கு இடையிலான பிடிப்பா வெறுப்பா என்ற கணக்கு மட்டுமே. அதை ஒரு இடைவினை எண்ணாக ஃபுளோரி–ஹக்கின்ஸ் சமன்பாடு எழுதுகிறது. எண் கூடினால் வெறுப்பு கூடுகிறது என்று பொருள்.

சம நீளமுள்ள இரு சங்கிலிகள் கலந்திருக்க வேண்டுமானால் அந்த எண், இரண்டை அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதற்குள் அடங்க வேண்டும். அலகு ஒன்றே ஒன்று என்றால் வரம்பு 2. ஆயிரம் அலகு என்றால் வரம்பு 0.002. ஒரு லட்சம் மூலக்கூறு எடையுள்ள சாதாரணப் பாலிஸ்டைரின் சங்கிலியிலேயே ஏறத்தாழ 960 அலகுகள் இருக்கின்றன. அதாவது, சிறு மூலக்கூறுகளாக இருந்தபோது கண்ணுக்கே படாத ஒரு சிறு மனத்தாங்கல் பாலிமர் ஆனவுடன் பிரிவினையில் முடிகிறது. இதன் உச்சத்தை 1980களின் நடுவில் ஃபிராங்க் பேட்ஸும் ஜார்ஜ் விக்னலும் காட்டினார்கள். ஒரே பாலிமர்தான், ஒரு பகுதியில் சாதாரண ஹைட்ரஜன், மறு பகுதியில் அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியம். சங்கிலிகள் போதிய நீளமானால் அந்த இரண்டும்கூடப் பிரியும். வேதியியலில் இதைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது. அதற்கே இந்தக் கதி.

அப்படியானால் கலக்கும் சில ஜோடிகள் எப்படிக் கலக்கின்றன? ஒரு வழி நேரடிப் பிடிப்பு: ஹைட்ரஜன் பிணைப்பு, இருமுனை ஈர்ப்பு போன்றவை. 1940களிலேயே பி.வி.சி.யோடு நைட்ரைல் ரப்பரைச் சேர்த்து விற்றார்கள். பி.வி.சி.யை இளக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற திரவங்கள் நாளடைவில் கசிந்து வெளியேறும். ரப்பர் நீண்ட சங்கிலி என்பதால் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு வழி சற்று விநோதமானது. பாலிஸ்டைரின், பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட் எனும் பி.எம்.எம்.ஏ.வோடு கலக்காது. பாலிஅக்ரிலோநைட்ரைலும் அதோடு கலக்காது. ஆனால் ஸ்டைரினையும் அக்ரிலோநைட்ரைலையும் ஒரே சங்கிலியில் கலந்து கோத்து, அக்ரிலோநைட்ரைலின் பங்கு ஏறத்தாழ 10 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்குமாறு செய்தால், அந்தச் சங்கிலி பி.எம்.எம்.ஏ.வோடு கலந்துவிடுகிறது. யாருக்கும் யார்மீதும் ஈர்ப்பு இல்லை. ஸ்டைரினுக்கும் அக்ரிலோநைட்ரைலுக்கும் தங்களுக்குள் உள்ள வெறுப்பு அதிகம். மூன்றாமவரை நடுவே விட்டால் அது தணிகிறது. டென் பிரிங்கே, காராஸ், மெக்நைட் ஆகியோர் 1983இல் இதற்குக் கணக்கு எழுதினார்கள். நட்பால் அல்லாமல் உட்பூசலால் வரும் கூட்டு இது. அரசியல் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

சூடாக்கினால் எதுவும் நன்றாகக் கலக்கும் என்பது அடுப்படி அனுபவம். பாலிமர்களில் பெரும்பாலும் இது தலைகீழ். பாலிஸ்டைரினும் பாலிவினைல் மீத்தைல் ஈத்தரும் இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டையும் டொலுயீனில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி, கரைப்பான் முழுதும் ஆவியாகும் வரை உலர்த்தினால் தெளிந்த படலம் கிடைக்கும். அதைச் சூடான தட்டின்மேல் வைத்து வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால், சங்கிலி நீளத்தையும் விகிதத்தையும் பொறுத்து 100 டிகிரிக்கு மேல் ஓரிடத்தில் படலம் பால்போல் வெளுக்கும். ஒவ்வொரு சங்கிலியும் ஒவ்வொரு அளவில் விரிகிறது. பிடித்துவைத்திருந்த பலவீனமான ஈர்ப்புகளும் சூட்டில் தளர்கின்றன. மெல்ல ஆறவிட்டால் வெண்மை மறைந்து மறுபடி தெளியும். இதே இரு பாலிமர்களை டொலுயீனுக்குப் பதில் குளோரோஃபார்மில் கரைத்து ஊற்றினால் படலம் தொடக்கத்திலேயே வெளுப்பாக வருகிறது. அதே ஜோடி, அதே விகிதம், அதே அறை வெப்பநிலை. மாறியது, ஆவியாகிப் போய்விட்ட கரைப்பான் மட்டுமே. ஒரு ஜோடியைக் குறித்து ‘கலக்கும்’ என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதுபவர்கள் இந்தப் படலத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அடுத்த சிக்கல், கலந்திருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது. தெளிவாக இருந்தால் கலந்தது, மங்கலாக இருந்தால் பிரிந்தது என்பது கண்ணளவுச் சோதனை. இதை ஏமாற்றுவது எளிது. பிரிந்து நிற்கும் திட்டுகளின் ஒளிவிலகல் எண்ணும் தாய்ப்பொருளின் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றாக இருந்தால், முழுக்கப் பிரிந்த கலவையும் கண்ணாடிபோல் தெரியும். தெளிந்த பி.வி.சி. பாட்டில்களில் ரப்பர் துகள்களை அப்படி எண் பொருத்தித்தான் சேர்க்கிறார்கள். வெப்ப ஆய்வுக் கருவியில் ஒரே மாற்ற வெப்பநிலை தெரிகிறதா என்று பார்ப்பது இதைவிட நம்பகமானது. அதற்கும் எல்லை உண்டு. இரு பாலிமர்களின் மாற்ற வெப்பநிலைகளுக்கு இடையே 20 டிகிரியாவது வித்தியாசம் இல்லாவிட்டால் இரண்டு மாற்றங்களும் ஒன்றாகவே தெரியும். திட்டுகள் பத்துப் பதினைந்து நானோமீட்டருக்குக் கீழே இருந்தாலும் கருவி ஒன்று என்றே சொல்லும். திண்ம நிலை அணுக்கரு காந்த ஒத்திசைவு (என்.எம்.ஆர்.) சில நானோமீட்டர் வரை இறங்கிப் பார்க்கும். வெப்ப ஆய்வு ‘ஒன்று’ என்ற கலவையை அது ‘இரண்டு’ என்று சொல்லலாம். இருவர் சொல்வதும் அவரவர் அளவுகோலில் உண்மையே.

பாலிமர் கலவை குறித்து இந்தியாவில் வெளியாகும் ஆய்வுகளில் பல இந்தத் திண்ம நிலைச் சோதனைகளைச் சாராமல், நீர்த்த கரைசலில் நடப்பவை. அதற்குக் காரணம் எளிது: கருவிச் செலவு. கண்ணாடியாலான உபலோடு பாகுமானி, நீர்த்தொட்டி, நிறுத்து கடிகாரம் இருந்தால் போதும். இரு பாலிமர்களையும் ஒரே கரைப்பானில் கரைத்து, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்குத் திரவம் இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்; நீர்க்கச் செய்து மறுபடி குறிக்க வேண்டும். பாலிமரால் கூடிய பாகுத்தன்மையைச் செறிவால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிரே வரைந்தால் ஒரு நேர்கோடு வரும். அதன் சாய்வு, சங்கிலிகள் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கின்றன என்பதைச் சொல்லும். கலவையின் சாய்வு, தனித்தனிச் சாய்வுகளிலிருந்து கணக்கிட்டதைவிடக் கூடுதலாக இருந்தால் ஈர்ப்பு, குறைந்தால் விலக்கம். கிரிக்பாமும் வாலும் 1950இல் இட்ட அடித்தளம் இது. சீ என்பவர் 1990இல் இதைத் திருத்தி ஒரு அளவீடாக்கினார். மீயொலிச் சோதனையும் இப்படியே. கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஒய். பி. சிங்கும் ஆர். பி. சிங்கும் 1983இல் காட்டியபடி, கலக்கும் ஜோடிகளில் ஒலியின் வேகம் விகிதத்தோடு நேர்கோட்டில் மாறுகிறது. கலக்காதவற்றில் கோடு வளைகிறது. ஒளிவிலகல் எண், அடர்த்தி ஆகியவற்றையும் அதே கரைசலில் அளந்து இந்த வரைபடத்தோடு ஒப்பிடுவார்கள்.

குறைந்த செலவில் கேள்வி கேட்க ஒரு வழி கண்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வழியில் கிடைப்பது எந்தக் கேள்விக்கான விடை? ஒன்றிரண்டு சதவீதப் பாலிமர் மிதக்கும் கரைசலில் மீதி முழுவதும் கரைப்பான்தான். கரைப்பான் ஒரு பாலிமரை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக விரும்பினாலே போதும், கலக்கக்கூடிய ஜோடியும் பிரிந்துவிடும். பாலிஸ்டைரின் ஈத்தர் படலம் குளோரோஃபார்மில் வெளுத்தது இதனால்தான். சீமனும் பாட்டர்சனும் 1972இல் இதைக் கணக்கில் காட்டிவிட்டார்கள். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: நீர்த்த கரைசலில் சமத்தாக இருக்கும் ஜோடி கரைப்பான் போன பிறகு பிரிந்து நிற்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரும் சாய்வு வித்தியாசத்தை வைத்து, “60 சதவீதத்துக்கு மேல் கலக்கும், அதற்குக் கீழ் கலக்காது” என்று முடிவெழுதும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று அவற்றில் பல சொல்வதில்லை. என் பார்வையில் பாகுமானியும் மீயொலியும் முதற்கட்டச் சல்லடைகள். சலித்தெடுத்ததைத் திண்மப் படலமாக்கி, வெப்ப ஆய்விலும் நுண்ணோக்கியிலும் வைத்துப் பார்த்த பிறகே ‘கலக்கும்’ என்று எழுத வேண்டும்.

கலந்தபின் ஒரே மாற்ற வெப்பநிலை என்ற அளவுகோலும் அசைக்க முடியாததல்ல. தன் சங்கிலியின் அடுத்த அலகு எப்போதும் தன் பக்கத்திலேயே இருக்கும் என்பதால், ஒவ்வொரு அலகைச் சுற்றியும் அதன் சொந்த இனமே சற்றுக் கூடுதலாக இருக்கும். லாட்ஜும் மெக்லீஷும் 2000இல் இதை வாதிட்டார்கள். பாலிஎத்திலீன் ஆக்சைடும் பி.எம்.எம்.ஏ.வும் கலந்த பொருளில், கலவை ஒன்றே என்றாலும், முதலாவதின் அசைவுகள் இரண்டாவதைவிடப் பல கோடி மடங்கு விரைவாக நடக்கின்றன. ஒரே வீட்டில் இருந்தாலும் இரு வேகம்.

இனி பண்புகள். முழுக்கக் கலந்த கலவையில் அடர்த்தி, ஒளிவிலகல் எண், மாற்ற வெப்பநிலை எல்லாம் விகிதத்தோடு சீராக நகரும். நெருங்கிய பிடிப்பு இருந்தால் கன அளவு சற்றுச் சுருங்கும். விறைப்பு கணக்கிட்டதைவிடக் கொஞ்சம் ஏறும். நோரிலின் அடிப்படை ஜோடியில் இது நன்கு பதிவான ஒன்று. அதே சுருக்கத்தால் சங்கிலிகள் நகர இடமின்றி முறிவு எளிதாவதும் உண்டு. கலக்கும் ஜோடியின் நல்ல பயன்பாட்டுக்குக் கட்டடங்களின் முகப்பில் பதிக்கும் வண்ண அலுமினியத் தகடுகளைப் பார்க்கலாம். அவற்றின் மேற்பூச்சில் பிசினின் 70 சதவீதம் பாலிவினைலிடீன் ஃபுளூரைடு (பி.வி.டி.எஃப்.), மீதி அக்ரிலிக். முன்னது வெயிலுக்கு அசையாது, ஆனால் எதிலும் ஒட்டாது. பின்னது ஒட்டும், நிறமிகளைப் பிடித்துவைக்கும். இரண்டும் உருகிய நிலையில் கலப்பதால்தான் இந்தக் கூட்டு நடக்கிறது. 1975இல் நிஷியும் வாங்கும் இதே வகை ஜோடியில், பி.வி.டி.எஃப். படிகத்தின் உருகுநிலை எவ்வளவு இறங்குகிறது என்பதை அளந்து, இடைவினை எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே இருப்பதைக் காட்டினார்கள். வெறுப்பல்ல, உண்மையான ஈர்ப்பு.

கலக்காத கலவைகளின் பக்கம்தான் பணமும் பொறியியலும் அதிகம். அங்கே பண்பைத் தீர்மானிப்பது விகிதம் மட்டுமல்ல. திட்டுகளின் அளவு, வடிவம், ஓரங்களின் பிடிப்பு. ஜெஃப்ரி டெய்லர் 1930களில் ஒரு திரவத்துக்குள் இன்னொரு திரவத்துளி எப்படி நீண்டு உடைகிறது என்று ஆராய்ந்தபோது பாலிமர்களை மனத்தில் வைத்திருக்கவில்லை. இன்று பாலிமர்களை உருக்கிக் கலக்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் துளி அளவைக் கணிக்க அவருடைய கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். துளியின் பாகுத்தன்மை சூழ்ந்திருப்பதைவிட ஏறத்தாழ நான்கு மடங்குக்கு மேல் போனால், வெறுமனே உராயும் ஓட்டத்தில் எவ்வளவு சுற்றினாலும் துளி உடையாது, உருண்டுகொண்டே இருக்கும். உடைந்த துளிகளும் ஓரத்தில் பிடிப்பு இல்லாவிட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி பெரிதாகும். அதைத் தடுப்பவைதான் ஒத்திசைவூட்டிகள்: பாதி இந்தப் பாலிமருக்கும் பாதி அந்தப் பாலிமருக்கும் உறவான சங்கிலிகள், எல்லையில் போய் உட்கார்ந்துகொள்பவை.

நைலான் இதற்கு நல்ல சாட்சி. சாதாரண நைலான் கூரிய வெட்டு விழுந்த இடத்தில் எளிதில் முறியும். மலீயிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த ரப்பரை உருகிய நைலானில் சேர்த்தால், அந்த அன்ஹைட்ரைடு நைலான் சங்கிலியின் முனையோடு வினைபுரிந்து எல்லையிலேயே ஒத்திசைவூட்டியை உண்டாக்குகிறது. ரப்பர் நுண்துளிகளாகச் சிதறி நிற்கிறது. டூபான்ட் 1970களின் நடுவில் இப்படிக் கொண்டுவந்த நைலானின் மோதல் தாங்கும் திறன் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஏன் என்பதை 1985இல் சூஹெங் வூ விளக்கினார்: துகள்களுக்கு இடையே மிஞ்சும் நைலான் சுவர் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனவுடன் பொருள் நொறுங்குவதை விட்டு இழுபடத் தொடங்குகிறது. ரப்பர் முழுக்கக் கலந்துவிட்டிருந்தால் கிடைப்பது வெறும் இளகிய நைலான். பி.பி.ஓ.வையும் நைலானையும் இதே முறையில் இணைத்த கலவையைக் கார்களின் முன்பக்கச் சக்கர மூடிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். பி.பி.ஓ. சூட்டைத் தாங்கும், நைலான் எண்ணெயைத் தாங்கும். இரண்டும் கலக்காது, கலக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மறுசுழற்சியில் இந்தக் கேள்வி கையைச் சுடுகிறது. பெட் பாட்டிலோடு பி.வி.சி. சிறிது கலந்தாலும் தொகுதி கெடும்; பெட் உருகும் 250 டிகிரியில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் மூழ்கும், மூடியின் பாலிபுரொப்பிலீன் மிதக்கும், அதுவரை சரி. ஆனால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் இரண்டுமே மிதக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறெதுவும் இல்லாத இந்த இரண்டும் கலப்பதில்லை. சேர்த்து உருக்கி வார்த்தால் இழுத்தவுடன் விண்டுபோகிற பொருள்தான் வரும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன், இந்தச் சிக்கலைத் தீர்க்காமலே கடந்த ஒரு வழியைக் கண்டார். பாலிஎத்திலீனைத் தாரில் கலந்தால் தொட்டியில் சற்று நேரம் நின்றதும் அது பிரிந்து மேலே மிதக்கும். அவர் தாரை விட்டுவிட்டு, 160 டிகிரிக்கு மேல் சூடாக்கிய ஜல்லியின்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினார். அது உருகி ஜல்லியைப் போர்த்தியது. பிறகே தார். பை, கப், உறை எதுவானாலும் சரி, ஒன்றோடொன்று கலக்கத் தேவையில்லை. கல்லோடு ஒட்டினால் போதும். பி.வி.சி. மட்டும் கூடாது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அறிவியல் நோக்கில் இது கலப்பு அல்ல, பூச்சு. சாலைக்கு அது போதும்.

பிளாஸ்டிக் மறுபடி பொருளாகவே திரும்ப வேண்டுமென்றால் பூச்சு போதாது. நைலானில் நடந்ததுபோல் வினைபுரிய பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டிலும் எந்தப் பிடியும் இல்லை. 2017இல் மின்னசோட்டா, கார்னெல் பல்கலைக்கழகங்களின் குழு ஒன்று, ஐசோடோப்புச் சோதனை செய்த அதே ஃபிராங்க் பேட்ஸ் அதில் ஒருவர், பாலிஎத்திலீன் துண்டையும் பாலிபுரொப்பிலீன் துண்டையும் மாறி மாறி நான்காகக் கோத்த சங்கிலியைத் தயாரித்தது. கலவையில் அதை ஒரு சதவீதம் மட்டும் சேர்த்தபோது, விண்டுபோன பொருள் பல மடங்கு நீண்டு இழுபட்டது. இரண்டு துண்டுகளை மட்டும் கோத்த சங்கிலிகளைவிட நான்கு துண்டுச் சங்கிலி எல்லையில் நன்றாகப் பின்னிக்கொண்டது. அதைத் தயாரிக்க ஹாஃப்னியம் கலந்த தனி வினையூக்கி வேண்டும். ஒரு வினையூக்கி மூலக்கூறிலிருந்து ஒரு சங்கிலிதான் வளரும். சந்தையில் கிடைக்கும் ஒலிஃபின் பிளாக் கோபாலிமர்கள் இதைவிட மலிவு, ஆனால் இன்னும் அதிக விகிதத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு கிலோ மறுசுழற்சிக் குருணைக்குக் கிடைக்கும் விலை, அதில் சேர்க்கும் ஒத்திசைவூட்டியின் விலையைத் தாங்க வேண்டும். மறுசுழற்சிப் பட்டறைகளில் பெரும்பாலானவை இன்று அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.